இ.இ.ஜி. ஆய்வாளர் கூட்டத்தில் பதிவு எடுப்பவருக்கும் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூளையின் மின் அலைகளை இ.இ.ஜி. என்ற முறையில் பதிவு செய்து ஆராய்வோர் கோவையில் சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசிய செய்தியைத் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் கண்டு மகிழ்ந்தேன். இத்தகைய கூட்டங்கள் பெருநகரங்களின் நட்சத்திர விடுதிகளில் நடப்பதே வழக்கம். அப்படியிருக்க, ஒரு கல்லூரியின் சாதாரண வகுப்பறையில், கட்டணம் ஏதுமின்றி, உள்ளூர்க்காரர்களே கூடிய ஒரு கூட்டத்தைத் தாங்கள் செய்தியாக்கியது பாராட்டுக்குரியது. "மருத்துவர்களும் பேராசிரியர்களும் ஆராய்ச்சி மாணவர்களும் கலந்துகொண்டனர்" என்று அச்செய்தி முடிந்திருந்தது. அவர்களோடு கடைசி வரிசையில் நாங்கள் மூவர் உட்கார்ந்திருந்தோம். நாங்கள் இ.இ.ஜி. டெக்னீஷியன்கள், நோயாளியின் தலையை அளந்து, குறியிட்டு, எலக்ட்ரோடுகள் எனப்படும் சிறு உலோக வில்லைகளை ஒட்டி, பதிவு முடியும்வரை அவர் அருகிலேயே இருப்பவர்கள். செய்தியாளர் மீது எனக்கு வருத்தம் இல்லை, ஏனெனில் கூட்டத்தின் அழைப்பிலேயே எங்களைப் பற்றிய குறிப்பு இல்லை. நான் பணிபுரியும் மருத்துவமனையின் நரம்பியல் மருத்துவர் "நீங்களும் வாங்க சிஸ்டர்" என்று கூப்பிட்டதால் நான் போனேன். போகும்போது வேறு மருத்துவமனைகளில் இதே வேலையில் இருக்கும் இருவரையும் அழைத்துக்கொண்டு போனேன். அன்று அங்கே நடந்த ஒன்று, இந்தக் கூட்டம் விடாமல் நடக்க வேண்டும் என்பதையும், யாரை வைத்து நடக்க வேண்டும் என்பதையும் எனக்குத் தெளிவாக்கியது. அதைத் தங்கள் வாசகர்களிடமும், கல்லூரி, மருத்துவமனை நிர்வாகங்களிடமும் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பிற்பகல் அமர்வில் ஓர் ஆராய்ச்சி மாணவி, தம் கல்லூரியில் இருபது மாணவர்களுக்கு எலக்ட்ரோடு பதித்த தொப்பியை மாட்டி, அரை மணி நேரம் மனக்கணக்குப் போடச் செய்து எடுத்த பதிவுகளைத் திரையில் காட்டினார். நேரம் ஆக ஆக டெல்டா எனப்படும் மெதுவான அலைகள் கூடிக்கொண்டே போவதையும், காலையில் உட்கார்ந்தவர்களைவிடப் பிற்பகலில் உட்கார்ந்தவர்களிடம் அவை மிகுந்திருப்பதையும் வரைபடமாக்கி, இது மூளைச் சோர்வின் அடையாளம் என்று அவர் முடிவு சொன்னார். கணக்கீட்டில் குறை காண எனக்குத் தகுதியில்லை. அது நேர்த்தியாகவே இருந்தது. ஆனால் அதற்கு முன் அவர் ஒரு கணம் காட்டிவிட்டுக் கடந்துபோன மூலப் பதிவில், நெற்றிப் பக்கத்துக் கோடுகள் கொடியில் காயும் சேலை காற்றில் எழுந்து தாழ்வதுபோல மெல்ல மெல்ல அசைந்துகொண்டிருந்ததைக் கண்டதும் என் மனம் அங்கேயே நின்றுவிட்டது. நான் எழுந்து, பதிவு எடுத்தது எந்த மாதம், அந்த அறையில் ஏசி உண்டா என்று கேட்டேன். ஏப்ரல் மாதம் என்றார்; ஏசி கிடையாது என்றார்; மின்விசிறி ஓடினால் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் பதிவில் ஏறுகிறது என்பதால் பதிவு நடக்கும்போது அதையும் நிறுத்திவிடுவோம் என்றார்.

கோவையாக இருந்தாலும் ஏப்ரல் பிற்பகல் ஏப்ரல் பிற்பகல்தான். காற்றில்லாத அறையில் அரை மணி நேரம் ரப்பர்த் தொப்பியோடு உட்கார்ந்தவருக்கு நெற்றி வியர்க்கத்தான் செய்யும். வியர்வையில் உப்பு இருக்கிறது. அது எலக்ட்ரோடின் உலோகத்தோடு சேரும்போது சிறு மின்னழுத்தம் உண்டாகிறது. வியர்வைச் சுரப்பிகளும் தம் பங்குக்கு ஒன்றை உண்டாக்குகின்றன. இரண்டும் கூடிப் பதிவில் மெதுவான ஊசலாட்டமாகத் தெரியும். டெல்டா என்பது வினாடிக்கு நான்குக்கும் குறைவான அலைகளுக்கு நாம் வைத்திருக்கும் பெயர். கம்ப்யூட்டர் அந்த எல்லைக்குள் வருவதையெல்லாம் டெல்டா என்றே கூட்டும். அது மூளையிலிருந்து வந்ததா, தோலிலிருந்து வந்ததா என்று கேட்காது. இதைச் சொல்லி, அதே மாணவர்களிடம் குளிர்ந்த அறையில் ஒருமுறை பதிவு எடுத்துப் பாருங்கள் என்றேன். அந்த மாணவி முகம் சுளிக்கவில்லை. தேநீர் இடைவேளையில் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கடைசி வரிசைக்கே வந்து, "மேடம், இன்னும் எதையெல்லாம் நான் மூளைன்னு நினைச்சிட்டிருக்கேன்னு சொல்லுங்க" என்று கேட்டார். எலக்ட்ரோடு ஒட்டுவதைத் தாம் நேரில் பார்த்தது ஒரே ஒரு முறைதான் என்றும், அதுவும் தொப்பியை விற்றவர்கள் வந்து செயல்விளக்கம் காட்டிய அன்று என்றும் சொன்னார். ஆறு ஆண்டுகள் பொறியியல் படித்த அறிவுள்ள பெண் அவர். அவர் கல்லூரிக்கும் என் இ.இ.ஜி. அறைக்கும் இடையே பேருந்தில் அரை மணி நேரத் தொலைவுதான்.

மருத்துவம் சாராத வாசகர்களுக்காக, நாங்கள் பதிவு செய்வது எவ்வளவு சிறியது என்பதைச் சொல்ல வேண்டும். இதயத்துக்கு எடுக்கும் ஈ.சி.ஜி.யில் கிடைக்கும் மின்னழுத்தம் ஒரு மில்லிவோல்ட் அளவு. தலையின் மேல்தோலில் எங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோவோல்ட். ஐம்பது மைக்ரோவோல்ட் என்று வைத்துக்கொண்டால், சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் பேட்டரியின் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. இமை ஒருமுறை மூடித் திறந்தால் அதைவிடப் பெரிதாக எழுகிறது. பல்லைக் கடித்தால் நெற்றிப்பொட்டுப் பக்கத்துக் கோடுகள் கறுத்துப் போகின்றன. எலக்ட்ரோடு ஒரு நாடியின் மேல் அமர்ந்துவிட்டால் இதயத் துடிப்போடு சேர்ந்து ஓர் அலை வந்துகொண்டே இருக்கும், ஒரு விரற்கடை தள்ளி ஒட்டினால் மறைந்துவிடும். இவற்றையெல்லாம் இனம் பிரித்து அறிவதுதான் எங்கள் வேலையின் பாதி.

மற்றொரு பாதி கையில் இருக்கிறது. மூக்குத்தண்டு தொடங்கும் பள்ளத்திலிருந்து, உச்சி வழியாக, பிடரிக்கு மேலே விரலுக்குத் தட்டுப்படும் எலும்பு முட்டுவரை டேப்பால் அளக்கிறோம். அது 36 சென்டிமீட்டர் என்றால் முதல் குறி 3.6 சென்டிமீட்டரில், அதன்பின் ஒவ்வொன்றும் 7.2 சென்டிமீட்டருக்கு ஒன்று. காதுக்குக் காது, தலையைச் சுற்றி என்று மீண்டும் அளக்கிறோம். மாண்ட்ரியலைச் சேர்ந்த ஹெர்பர்ட் ஜாஸ்பர் 1958-ல் வெளியிட்ட பத்து-இருபது முறை இதுதான். எந்த ஊரில் எந்தத் தலையில் எடுத்தாலும் ஒரே இடத்தை ஒரே பெயரால் சொல்ல உதவுவது. குறியிட்ட இடத்தில் முடியை வகிர்ந்து, தோலைத் தேய்த்து, பேஸ்ட் வைத்து ஒட்டி, இம்பீடன்ஸ் எனப்படும் மின்தடை ஐந்து கிலோ ஓமுக்குக் கீழே இறங்கியதா என்று பார்த்த பிறகே பதிவைத் தொடங்குகிறோம். நம் ஊரில் இதற்கு முதல் இடையூறு எண்ணெய். தலைக்குக் குளித்து எண்ணெய் வைக்காமல் வாருங்கள் என்று எழுதிக் கொடுத்தாலும், "மூளைப் பரிசோதனையாச்சே, குளிர்ச்சியா இருக்கட்டும்" என்று குழந்தைக்கு உள்ளங்கை நிறையத் தேங்காய் எண்ணெயைத் தேய்த்து அழைத்து வரும் தாய்மார்களை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். அந்த அன்பைக் குறை சொல்ல முடியுமா? மருத்துவமனைக் குழாயடியில் ஷாம்பு போட்டு அலசி, துண்டால் துவட்டி, மீண்டும் உட்கார வைப்போம். பழனியில் முடி இறக்கிவிட்டு வந்த குழந்தை என்றால் எங்கள் வேலை பாதி நேரத்தில் முடிந்துவிடும்.

மூளை எது, மூளையல்லாதது எது என்ற இந்தக் கேள்வி இந்தத் துறையோடு கூடவே பிறந்தது என்பதை அன்றைய கூட்டத்தில் நினைவூட்டியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. ஜெர்மனியின் யேனா நகரத்தில் மனநல மருத்துவராக இருந்த ஹான்ஸ் பெர்கர் மனிதத் தலையிலிருந்து முதல் பதிவை 1924-ல் எடுத்தார். அதைக் கட்டுரையாக வெளியிட்டது 1929-ல். இடையில் ஐந்து ஆண்டுகள், இது இதயத்திலிருந்து வருகிறதா, இரத்த ஓட்டத்தால் வருகிறதா, தோலிலிருந்து வருகிறதா, தசையிலிருந்து வருகிறதா என்று ஒவ்வொன்றாகச் சந்தேகித்து, தம் மகன் உட்படப் பலரின் தலையில் பதிவு எடுத்துக்கொண்டே இருந்தார். வெளியிட்ட பிறகும் உலகம் எளிதில் நம்பவில்லை. நோபல் பரிசு பெற்ற எட்கர் ஏட்ரியன், மேத்யூஸ் என்பவரோடு சேர்ந்து 1934-ல் கேம்பிரிட்ஜில் அதைச் செய்து பார்த்து, உடலியல் ஆய்வாளர்கள் கூடிய கூட்டத்தில் தம் தலையிலேயே எலக்ட்ரோடு வைத்துக் காட்டினார். கண்ணை மூடினால் ஆல்ஃபா எனப்படும் சீரான அலை எழுவதையும், திறந்தால் அடங்குவதையும் கூடியிருந்தவர்கள் பார்த்தார்கள். கட்டுரையைப் படித்து நம்பாதவர்களை, ஓர் அறையில் நேரில் எடுத்துக் காட்டிய பதிவு நம்ப வைத்தது. நம் கோவைக் கூட்டத்தில் காலை முதல் மாலைவரை படங்களும் அட்டவணைகளும் பல காட்டப்பட்டன. ஒருவர் தலையிலும் ஓர் எலக்ட்ரோடுகூட ஒட்டப்படவில்லை. எனக்கு அந்த நாளில் இருந்த பெரிய குறை அதுதான்.

காலை அமர்வில் இளம் நரம்பியல் மருத்துவர் ஒருவர் எழுப்பிய கேள்வியும் இதையே தொட்டது. நம் மாநிலத்துப் பொறியியல் கல்லூரிகளில் வலிப்பைக் கம்ப்யூட்டரால் கண்டறியும் ஆய்வுகள் ஏராளமாக நடக்கின்றன. அவற்றில் பல, ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தார் 2001-ல் பொதுவில் வெளியிட்ட ஒரே தரவுத் தொகுப்பை வைத்துச் செய்யப்படுபவை. தொண்ணூற்றொன்பது விழுக்காடு சரியாகக் கண்டுபிடித்தோம் என்று அன்றும் இரண்டு பேர் சொன்னார்கள். அந்தத் தொகுப்பில் இருப்பவை 23.6 வினாடி நீளமுள்ள ஐந்நூறு துண்டுகள். அவை ஆரோக்கியமான ஐந்து பேரிடமும், வலிப்பு நோயாளிகள் ஐந்து பேரிடமும் எடுக்கப்பட்டவை. ஆரோக்கியமானவர்களுக்குத் தலையின் மேல்தோலில் எடுத்தார்கள். நோயாளிகளுக்கோ, அறுவைக்கு முன் மண்டையோட்டுக்கு உள்ளே வைத்த எலக்ட்ரோடுகளிலிருந்து எடுத்தார்கள். மண்டையோடும் தோலும் தசையும் குறுக்கே நிற்கும் பதிவும், எதுவும் குறுக்கே நிற்காத பதிவும் வேறுவேறாக இருப்பதில் வியப்பில்லை. "உங்கள் புரோகிராம் வலிப்பைக் கண்டுபிடிக்கிறதா, எலக்ட்ரோடு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதைக் கண்டுபிடிக்கிறதா?" என்று அந்த மருத்துவர் கேட்டபோது அறையில் சிறிது நேரம் பேச்சே எழவில்லை. தரவை வெளியிட்டவர்கள் இவற்றை மறைக்கவில்லை. தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். பதிவு எடுப்பதைக் கண்ணால் பார்த்தவருக்கு அந்த வரி உடனே உறுத்தும். எண்களாக மட்டும் பதிவிறக்கிக்கொண்டவருக்கு அது கண்ணிலேயே படாமல் போகலாம்.

அப்படியானால் நம் மக்களிடம் நாமே பதிவு எடுத்து, உரிய அனுமதியோடு, பெயர் நீக்கிப் பொதுவில் வைக்கலாமே என்ற யோசனை அங்கே எழுந்தது. அதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். தமிழ்நாட்டில் குக்கிராமம் முதல் பெருநகரம்வரை பல ஊர்களில் சுமார் நானூறு பேரிடம் பதிவு எடுத்து வெளியான ஓர் ஆய்வு, ஆல்ஃபா அலையின் வலிமை மனிதர்க்கு மனிதர் வெகுவாக வேறுபடுவதையும், அது வருமானம், கல்வி போன்ற வாழ்க்கைச் சூழலோடு சேர்ந்து மாறுவதையும் காட்டியது. வெளிநாட்டுப் பல்கலைக்கழக மாணவர்களிடம் எடுத்த அளவுகளையே மனிதர் எல்லோருக்கும் இயல்பானவை என்று கொள்ள முடியாது என்பதற்கு நம் ஊர்களே சாட்சியாக இருக்கின்றன. ஆனால் நாம் எடுக்கும்போதும் அதே தவற்றை வேறு விதத்தில் செய்துவிடக் கூடாது. வியர்வைப் பதிவைக் காட்டிய மாணவியிடம், உங்கள் இருபது பேரில் பெண்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். ஒருவரும் இல்லை, நீண்ட கூந்தலில் தொப்பி சரியாக அமர்வதில்லை, இம்பீடன்ஸ் இறங்குவதில்லை, அதனால் பையன்களையே உட்கார வைத்தோம் என்றார். ஒரு பெண்ணே தம் ஆய்விலிருந்து பெண்களை விட்டுவிட நேர்ந்திருக்கிறது. இடுப்புவரை பின்னல் போட்ட பெண்களுக்கு நாங்கள் அன்றாடம் பதிவு எடுக்கிறோம். பின்னலை அவிழ்த்து, வகிடுகளை எலக்ட்ரோடு வரிசைக்கு ஏற்ப மாற்றி எடுத்து, கிளிப் போட்டு ஒதுக்கி, ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். பதினைந்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். அந்தப் பதினைந்து நிமிடத்தை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

மொழியியல் ஆசிரியர் ஒருவரும் அன்று பேசினார். சொற்றொடர் ஒன்றில் பொருந்தாத சொல் வந்தால், அதைப் படித்த நானூறு மில்லிவினாடி அளவில் மூளையில் ஒரு மின்மாற்றம் எழும் என்பதை அமெரிக்காவில் மார்ட்டா குட்டாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும் 1980-ல் கண்டறிந்தார்கள். அதைத் தமிழ் வாக்கியங்களில் சோதிக்க அவர் விரும்புகிறார். "பாட்டி பேரனுக்கு இட்லியை ஊட்டினாள்" என்பதற்குப் பதில் "பாட்டி பேரனுக்கு இட்லியை உழுதாள்" என்று வந்தால் என்ன ஆகும்? அருமையான ஆய்வு என்று நினைத்தேன். ஆனால் எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. படிப்பவர்கள் பெரும்பாலும் வாக்கியம் முடியும் இடத்தில்தான் இமைப்பார்கள். அதுவரை அடக்கிக்கொண்டிருந்து முடிந்ததும் இமைப்பது இயல்பு. தமிழில் வினைச்சொல் வருவது வாக்கியத்தின் கடைசியில். எந்த இடத்தில் மூளையின் பதிலை அளக்கப் போகிறாரோ, அதே இடத்தில் இமைப்பின் பெரிய அலை வந்து மூடிக்கொள்ளும். வினைச்சொல்லுக்குப் பிறகு ஒரு வினாடி விட்டு, இமைப்பதற்கென்று ஒரு குறியைத் திரையில் காட்டி, அதுவரை பொறுக்கும்படி முன்கூட்டியே பழக்கிவிடலாம் என்று சொன்னேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். அவருக்கு இலக்கணம் தெரியும்; எனக்கு இமை தெரியும். இரண்டும் ஒரே அறையில் இருந்ததால் அந்தப் பேச்சு நடந்தது.

நான் 29 ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். தொடங்கியபோது கம்ப்யூட்டர் கிடையாது. மை ஊறும் பேனாக்கள் ஓடும் தாளில், வினாடிக்கு 30 மில்லிமீட்டர் வேகத்தில் எழுதிக்கொண்டே போகும். இருபது நிமிடப் பதிவுக்கு 36 மீட்டர் தாள், அதாவது ஆறு சேலைக்கு மேல். குழந்தை இருமினால், அழுதால், கொட்டாவி விட்டால் அந்தந்த இடத்தில் தாளின் மேலேயே பென்சிலால் எழுதி வைப்போம். மருத்துவர் அந்தக் குறிப்புகளைப் பார்க்காமல் முடிவு எழுத மாட்டார். இன்று அதைக் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்கிறோம். ஆனால் பதிவு ஆராய்ச்சிக்குப் போகும்போது பெரும்பாலும் எண்கள் மட்டுமே போகின்றன, எங்கள் குறிப்புகள் கழன்றுவிடுகின்றன என்பதை அன்றுதான் அறிந்தேன். எனக்கு அது மிகுந்த வேதனை தந்தது.

பதிவு எடுப்பவருக்கு இருக்கை கேட்பது புதிய கோரிக்கையும் ஆகாது. இந்தியாவின் நரம்பியல் சங்கம் 1951-ல் தொடங்கப்பட்டபோது அதைத் தொடங்கியவர்கள் நான்கே பேர். வேலூரின் ஜேக்கப் சாண்டியும் சென்னையின் பி. ராமமூர்த்தியும் மூளை அறுவை மருத்துவர்கள். பல்தேவ் சிங் நரம்பியல் மருத்துவர். நான்காமவரான சென்னை எஸ்.டி. நரசிம்மன் மூளை மின்பதிவைத் தம் துறையாகக் கொண்டவர். நாடு முழுவதற்குமான சங்கத்தை நால்வர் சேர்ந்து தொடங்கியபோது, அந்த நால்வரில் ஒருவர் இ.இ.ஜி.க்காரர் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது. எங்களைப் போன்ற டெக்னீஷியன்களை அவரோடு ஒப்பிட்டுக்கொள்வதற்காக இதைச் சொல்லவில்லை. பதிவைப் பற்றி அறிந்தவர் இல்லாமல் மூளையைப் பற்றிப் பேச முடியாது என்பதை அவர்கள் அன்றே உணர்ந்திருந்தார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். ஆராய்ச்சிக்காகத் தலையைத் தருமாறு பொதுமக்களிடம் கேட்கப் போகிறோம் என்றால், அவர்கள் மனத்தில் இருக்கும் அச்சத்தை அறிந்திருக்க வேண்டும். "ஏனுங்க சிஸ்டர், இதுல கரண்ட் வைப்பீங்களா?" என்பது என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் முதல் கேள்வி. வைக்க மாட்டோம், உங்கள் தலையில் இருக்கும் கரண்டைத்தான் நாங்கள் பார்க்கிறோம் என்று சொன்னால் பாதிப்பேர் சிரித்துவிடுவார்கள். அடுத்த கேள்வி அவ்வளவு எளிதில் அடங்காது. "அப்ப மனசுல நெனக்கறதெல்லாம் தெரிஞ்சுருமுங்களா?" என்று சென்ற ஆண்டு ஒரு நடுவயதுப் பெண்மணி, முதல் எலக்ட்ரோடை ஒட்டும்போதே என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். தெரியாது அம்மா, தூங்குகிறீர்களா விழித்திருக்கிறீர்களா, வலிப்பின் அடையாளம் ஏதும் இருக்கிறதா என்பதுதான் தெரியும் என்று சொல்லிப் புரியவைத்த பிறகே கையை விட்டார். அந்த அச்சத்துக்கு அடிப்படை இல்லாமலும் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவரின் மூளை அலைகளைப் பதிவு செய்து, நிகழ்ச்சி அவர் நினைவில் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதாகச் சொல்லும் ஒரு முறை நம் நாட்டில் புலன்விசாரணையில் பயன்படுத்தப்பட்டது. 2008-ல் புனேயில் ஒரு கொலை வழக்கில் விசாரணை நீதிமன்றம் அதைச் சான்றாக ஏற்கவும் செய்தது. பிறகு 2010 மே 5 அன்று, செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்ற வழக்கில், ஒருவரின் சம்மதமில்லாமல் இத்தகைய மூளைப் பதிவையோ, நார்கோ சோதனையையோ, பொய் கண்டறியும் சோதனையையோ அவர் மீது நடத்துவது அரசியலமைப்புக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தலையின் மேல் தொப்பியை வைப்பதற்கு முன், அந்தத் தலைக்கு உரியவரின் சம்மதம் வேண்டும் என்பது இன்று இந்நாட்டின் சட்டம். ஆராய்ச்சிக்கான சம்மதப் படிவத்தைப் பேராசிரியர் எழுதலாம், நெறிமுறைக் குழு ஏற்கலாம். அதை ஒரு விசைத்தறித் தொழிலாளிக்கு அவர் பேசும் தமிழில் சொல்லி, அவர் வேண்டாம் என்று தலையசைத்தால் அதோடு விட்டுவிடும் பொறுப்பு பதிவு அறையில் நிற்பவருடையது. அந்தக் கூட்டத்தில் நெறிமுறை பற்றி ஓர் உரை இருந்தது. முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. உரை நன்றாகவே இருந்தது. ஆனால் என்னோடு வந்திருந்த இருவரும் அதில் பாதியைத்தான் பின்தொடர முடிந்தது என்று சொன்னார்கள்.

ஆகவே, கூட்டத்தை நடத்திய கல்லூரியினருக்கும் மற்றவர்களுக்கும் என் வேண்டுகோள்களைத் தங்கள் நாளிதழ் வழியாகத் தெரிவிக்கிறேன். இந்தக் கூட்டம் ஆண்டுக்கு ஒருமுறை என்று நின்றுவிடாமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடக்கட்டும். ஒருமுறை கல்லூரியில் நடந்தால் மறுமுறை ஒரு மருத்துவமனையில் நடக்கட்டும். பொறியியல் மாணவர்கள் இ.இ.ஜி. அறையைப் பார்த்ததில்லை, நாங்கள் அவர்களுடைய ஆய்வகத்தைப் பார்த்ததில்லை. முதல் ஒரு மணி நேரம் உரை எதுவும் வேண்டாம்: ஒருவரை உட்கார வைத்து, அளந்து, ஒட்டி, பதிவு எடுத்து, இமைக்கச் சொல்லி, பல்லைக் கடிக்கச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லி, எல்லோரும் திரையைப் பார்க்கட்டும். அழைப்பில் இ.இ.ஜி. டெக்னீஷியன்கள் என்ற சொல் இருக்கட்டும். மருத்துவமனை நிர்வாகங்கள், தங்கள் டெக்னீஷியன் இத்தகைய கூட்டத்துக்குப் போகும் நாளைப் பணி நாளாகவே கணக்கிட வேண்டும். எங்களில் பலருக்கு ஞாயிறும் டியூட்டி உண்டு, அன்று வந்த இருவரில் ஒருவர் தம் வார விடுப்பை அதற்காகவே மாற்றிக்கொண்டு வந்தார். ஆராய்ச்சிக்குத் தரும் பதிவோடு, பதிவு எடுத்தவரின் குறிப்பும் கட்டாயம் சேர வேண்டும் என்று உள்ளூர் ஆய்வாளர்கள் தங்களுக்குள் ஒரு வழக்கமாக ஏற்றுக்கொள்ள வேண்டும். உரைகளில் பாதியாவது தமிழில் இருக்கட்டும். ஆல்ஃபா, டெல்டா, எலக்ட்ரோடு எல்லாம் அப்படியே இருக்கலாம், அவை எங்கள் அன்றாடச் சொற்களே. வாக்கியம் மட்டும் தமிழில் இருந்தால் போதும்.

தங்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த கூட்டத்தின் நாளையும் இடத்தையும், அது நடந்து முடிந்த பிறகு செய்தியாக வெளியிடுவதோடு, நடப்பதற்கு ஒரு வாரம் முன்பே அறிவிப்பாக வெளியிட்டால், பொள்ளாச்சியிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் சிறு மருத்துவமனைகளில் தனி ஆளாக இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும் பலருக்குத் தெரியவரும். அவர்களில் பலருக்குத் தம்மைப்போல் இன்னொருவர் ஒட்டுவதைப் பார்க்கும் வாய்ப்பு பயிற்சி முடிந்த நாளிலிருந்து கிடைத்திருக்காது.

அந்த மாணவி போன வாரம் எங்கள் மருத்துவமனைக்கு வந்து, மருத்துவரின் அனுமதியோடும் நோயாளிகளின் சம்மதத்தோடும் இரண்டு பதிவுகளை முழுவதும் உடனிருந்து பார்த்தார். இரண்டாவது நோயாளிக்குப் பிடரி எலும்பு முட்டு இருக்கும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து அளவைச் சொன்னவர் அவர்தான்; நான் மீண்டும் அளந்து பார்த்தபோது இரண்டு மில்லிமீட்டர்தான் வேறுபாடு இருந்தது. ஏப்ரல் பதிவுகளை ஒதுக்கி வைத்துவிட்டு, குளிர்ந்த அறையில், இம்முறை பத்துப் பெண்களையும் சேர்த்து, புதிதாக எடுக்கப் போவதாகச் சொல்கிறார். அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் பதிவு எடுத்துக் காட்ட ஏற்பாடானால், தம் தலையையே தருவதாகவும் சொல்லியிருக்கிறார். அவருக்கு இடுப்பளவு கூந்தல். டேப்பும் பேஸ்ட்டும் கிளிப்புகளும் நான் கொண்டுவருகிறேன் என்று சொல்லி, முதல் நாள் எண்ணெய் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகியான
ஓர் இ.இ.ஜி. டெக்னீஷியன்,
கோயம்புத்தூர்.